ஓலை வாசிக்கும் முன் கேட்க வேண்டியது

பங்குப் பேரவைப் பெரியவர்களுக்கும், திருமணத் தயாரிப்பு வகுப்பு நடத்தும் ஃபாதர், சிஸ்டர்மாருக்கும்,

குழித்துறையில் ரயிலேறித் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வேலைக்குப் போகிற நர்ஸ் நான். நிச்சயம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, வீடு குளச்சல் பக்கம். விரைவில் இருவரும் உங்கள் வகுப்புக்கு வருவோம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் வேலை என்ன ஆகும் என்பதையும் அங்கே கேளுங்கள், கோவிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கும் முன்பே.

பெண் பார்க்க வந்த அன்று என் படிப்புதான் பெரிய பேச்சு. "நர்ஸிங் பிள்ளையாக்கும், எங்க போனாலும் வேலை உண்டு" என்றார்கள். எத்தனை பவுன் என்பதும் அன்றே முடிவானது (1961 முதல் சட்டம் தடுக்கிற பேச்சு; அங்கே யாருக்கும் அது உறுத்தவில்லை). நிச்சயம் கழிந்ததும் மாமி, நைட் டியூட்டி வேண்டாமே என்றார். அப்புறம், அவர்கள் வீட்டிலிருந்து விடியுமுன் இரணியல் ஸ்டேஷனுக்கு யார் கொண்டுவிடுவது என்றார். நியாயமான கேள்விதான். மாப்பிள்ளையிடம் போனில் கேட்டால், "அதெல்லாம் கல்யாணம் கழிஞ்சு பாத்துக்கலாம்" என்கிறார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு போனுக்குப் பிறகும் எனக்கு உறக்கம் வருவதில்லை.

படிப்புக் கடன் தவணை என் சம்பளத்தில்தான் போகிறது. வேலையை விட்டால் அப்பா ரப்பர் பால் வெட்டி அடைக்க வேண்டும். மழை பிடித்தால் வெட்டும் கிடையாது. இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்கு எழுதினால், அண்மைய அனுபவம் எங்கே என்பார்கள். அவரோடு போய்ச் சேர எனக்கிருக்கும் வழியும் அதோடு அடைபடும். மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தம் தந்த 26 வாரப் பிரசவ விடுப்பும் வேலையில் இருப்பவளுக்குத்தானே.

கடும் அச்சத்தாலோ வற்புறுத்தலாலோ தந்த சம்மதம் செல்லாது என்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. அதனால்தான் ஃபாதர் எங்களைத் தனித்தனியே கூப்பிட்டு விசாரிக்கிறார். அதே அக்கறையில் வகுப்பிலும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இயற்கைக் குடும்பக் கட்டுப்பாடு வரை கூச்சமில்லாமல் பேசுகிறார்கள், வேலை பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை என்று மைனி சொன்னார்.

யார் வேலையை விடுவது, எவ்வளவு காலத்துக்கு, கடனை யார் கட்டுவது, எந்த வீட்டில் இருப்பது என்று இருவரையும் சேர்த்து வைத்துக் கேளுங்கள். முடிந்தால் இரண்டு அம்மாமாரையும் கூப்பிடுங்கள். நான் கேட்டால் வாய்த்துடுக்கு. ஃபாதர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் ஓலைக்கு முன்பே இது நடக்கட்டும். மூன்று ஞாயிறும் வாசித்துப் பத்திரிகையும் அடித்த பிறகு எந்தப் பெண் வாய் திறப்பாள்?

எங்கள் வகுப்பிலேயே தொடங்குங்கள். முதலில் நான் பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்கின் பெண் ஒருத்தி