மாத்திரையை நிறுத்தச் சொன்ன ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த காளான் கட்டுரையில், 'சிப்பிக் காளானிலேயே ஸ்டாட்டின் இருப்பதால் கொழுப்பு மாத்திரை தேவையில்லை' என்று ஒரு வரி. பதினோரு வருடமாகச் சிப்பிக் காளான் வளர்த்து விற்கிறவள் நான். அந்த வரியால் எனக்கு வியாபாரம்தான் கூடும். ஆனாலும் மனசு ஆறவில்லை.

ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மருந்து வகைதான் ஸ்டாட்டின். அதில் ஒன்றான லோவாஸ்டாட்டின் சிப்பிக் காளானில் இருப்பது மெய். எவ்வளவு என்பது ரகத்துக்கு ரகம் மாறும். என் குடிலில் ஒரே நாளில் கட்டிய இரண்டு வைக்கோல் பைகள்கூட ஒன்றுபோல மொட்டு விடுவதில்லை. மாத்திரையில் 10 மில்லிகிராம் என்றால் என்றைக்கும் 10தான். ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து 1973ல் முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். லோவாஸ்டாட்டின் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1987ல். பிரித்தெடுத்து, அளந்து கொடுக்க அத்தனை வருடம் ஆகியிருக்கிறது. தங்களுக்குத் தெரியாததல்ல.

என் வீட்டுக்காரருக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இரண்டு வருடம் முன்பு, தங்கள் பத்திரிகையில் வந்த பூண்டுக் குறிப்பை நம்பி, என்னிடம்கூடச் சொல்லாமல் மூன்று மாதம் மாத்திரையை விட்டுவிட்டார். 68ல் இருந்த எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 151க்கு ஏறியிருந்தது. அந்த ரிப்போர்ட்டோடு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்த காலைப்பொழுதை நான் மறக்கவில்லை. அப்போதும் கடிதம் எழுதினேன். வெளியிடவும் இல்லை, பதிலும் இல்லை.

வாழைத்தண்டு, கறிவேப்பிலை, இப்போது காளான். எல்லாவற்றிலும் 'ஆய்வில் தெரியவந்துள்ளது'. மனிதருக்கா, எலிக்கா? ஷீட்டாகே காளானில் உள்ள எரிடாடெனின் என்ற பொருள் கொழுப்பைக் குறைத்ததாகக் காட்டியவை பெரும்பாலும் எலிச் சோதனைகள். அதைச் சொல்ல இடமில்லை. வெண்ணெயில் வதக்கிய காளானுக்கு அரைப் பக்கம் இருந்தது.

காளானைப் பற்றிச் சொல்ல நல்ல சேதி இல்லாமலா போயிற்று? பீட்டா குளுக்கான் என்ற நார் இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது, கொழுப்பும் சோடியமும் மிகக் குறைவு. குழம்பில் உப்பைக் குறைத்தாலும் காளானின் ருசி ஈடுகட்டும். டப்பாக் காளான் உப்புநீரில் ஊறியது, அது வேறு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியத்துக்காக டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இவற்றை எழுதியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என் குடிலுக்கு வந்தார். "அம்மணி, தெனமும் கால் கிலோ எடுத்து வையி. மாத்திரைய நிறுத்திப்போட்டேன்" என்றார். காளானைக் கொடுக்காமல் டாக்டரிடம் போகச் சொன்னேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இரண்டு வரி போடுங்கள். நான் சொல்லிக் கேட்காதவர், தங்கள் பத்திரிகையில் வந்தால் கேட்பார்.

இப்படிக்கு,
காளான் வளர்க்கும் ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்.