டர்பன்டைன் பாட்டில மூடி வை பாப்பா

பாப்பா,

நல்லா இருக்கியா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அப்புறம் மறந்துடுவேன். டர்பன்டைன் பாட்டில மூடி வெச்சுட்டு படு. வரையுற ரூம்லயே தூங்குறன்னு அம்மா சொன்னா, ஒரு பக்க ஜன்னலாவது தொறந்து இருக்கணும். உனக்கு சின்ன வயசுலேந்தே வீசிங், நடுராத்திரில உன்ன தோள்ல போட்டுக்கினு ஓடுனது யாரு, நான் தானே. எண்ணெய் தொடச்ச துணிய சுருட்டி மூலைல போட்டு வெக்காத, லின்சீட் ஆயில் ஊறுன துணி தானா சூடாகி புடிச்சுக்கும், கொருக்குப்பேட்டல நாங்க சினிமா பேனர் வரையுற ஷெட்ல ஒரு தடவ நெருப்பே வெக்காம புகை வந்து நாங்க அலறி அடிச்சு ஓடியிருக்கோம். தண்ணில நனைச்சு, விரிச்சு காயப்போட்டு, அப்புறம் தான் தூக்கி போடணும்.

அம்மாவுக்கு மட்டும் போன் பண்றியாம். மூணு நிமிஷம். பரவால்ல, அம்மா கிட்டயாவது பேசுறியே. அங்க பருப்புல கூட சக்கர போடுறாங்கன்னு சொன்னியாம். நவஜீவன் ரயில்ல யாராவது வடோதரா பக்கம் வந்தா பருப்பு பொடியும் வஞ்சிர கருவாடும் குடுத்து அனுப்பலாம்னு அத்த சொல்லுது. கருவாடு வாசனைக்கு ஹவுஸ் ஓனர் காலி பண்ண சொல்லிடுவாங்கன்னு நான் தான் வேணாம்னேன். 

உன் படம் எல்லாம் அத்த மவன் போன்ல காட்டுனான். பதினாலு படம். அவன் வேகமா தள்ளிக்கினே போனான், போன புடுங்கி நானே ஒவ்வொண்ணா பாத்தேன். கொருக்குப்பேட்ட ஸ்டேஷன்ல கை தட்டி காசு கேட்ட அந்த திருநங்கை, காசிமேட்டுல ஐஸ் பொட்டி மேல உக்காந்து தூங்குற பாட்டி, பேசின் பிரிட்ஜ் மேல வெயில்ல படுத்துருந்த ஆளு. எல்லாம் ஒரே ஒரு தடவ பாத்தவங்களாமே, போட்டோ கிடையாதாமே. ஞாபகம் இல்லாத எடத்த அப்படியே வெள்ளயா விட்டுருக்க. மொதல்ல முடிக்காம விட்டுட்டன்னு நெனச்சேன். பாட்டிக்கு கழுத்து கொஞ்சம் நீளம், சொல்லிட்டேன், கோச்சுக்காத.

அந்த மேன்ஹோல் ஆளு படத்துல தான் நின்னுட்டேன். கல்மண்டபம் தானே? ஒம்போதாவது படிக்கும்போது உன்ன சைக்கிள் பின்னாடி உக்கார வெச்சு டியூஷனுக்கு கூப்டுகினு போனனே, அன்னைக்கு தானே? இடுப்பு வரைக்கும் குழிக்குள்ள நிக்குறாரு, டீக்கடைக்காரன் கிளாஸ கைல குடுக்காம ரோட்டு மேல வெச்சுட்டு போறான், இவரு கைய நீட்டி எடுக்குறாரு. கையால மலம் அள்ள ஆள வெக்கக்கூடாதுன்னு 1993ல சட்டம் போட்டும் அப்படி தான் எறக்குனாங்க, 2013ல இன்னொரு சட்டமும் வந்துச்சு. நீ அந்த கிளாஸ் விளிம்ப வரைஞ்சுருக்க பாரு, அவரு வெரல் படாம டீ மட்டும் ஆவி பறக்குது. நானும் தானே பாப்பா அந்த சைக்கிள்ல இருந்தேன். வண்டி ஓட்டிக்கினு இருந்தேன்னு சொல்லலாம். எனக்கு நாத்தம் மட்டும் தான் ஞாபகம் இருக்கு.

நெறம் போட்டுருக்க பாரு, அத சொல்லணும். நாங்க பேனர்ல எவ்ளோ கருப்பான ஹீரோவா இருந்தாலும் ரோஸ் அடிப்போம், கன்னத்துல ரோஸ், நெத்தில மஞ்சள், நிழலுக்கு நீலம், அப்ப தான் தூரத்துலேந்து ஜம்முனு தெரியும். நீ அந்த ஆளு நெறத்தையே போட்டு அதுல வெளிச்சம் கொண்டாந்துருக்க. எனக்கு அது வராது. எழும்பூர் பக்கம் அந்த ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜ் 1850லேந்து இருக்கு, நம்ம தெருவுலேந்து உள்ள போன மொத ஆளு நீ தான்னு டீக்கடைல நான் எத்தன பேர் கிட்ட சொல்லியிருப்பேன்.

ஆனா சாப்டணும்ல பாப்பா. வாடக கட்டணும்ல. யாருன்னே தெரியாதவங்க மூஞ்சிய யாரு வாங்கி வூட்ல மாட்டுவாங்கன்னு பொங்கலப்போ நான் கேட்டது தப்பா? மாட்டுறவங்க கடவுள் படம் மாட்டுவாங்க, இல்ல செத்துப்போன அப்பா படம் மாட்டுவாங்க. உலகத்த தான் சொன்னேன். அதுக்கு நீ "நீங்க யாரயாச்சும் பாத்துருக்கீங்களாப்பா"ன்னு கேட்டுட்டு வெச்சுட்ட. நான் நெட்வொர்க் போயிடுச்சுன்னு நெனச்சு ஹலோ ஹலோன்னு கத்திக்கினு இருந்தேன்.

சாயந்தரத்துல ஜன்னல் தொற, கொசு வந்தா வலை கட்டிக்கோ.

பாத்துருக்கேன். ஜிங்க்னு ஒரு பையன் இருந்தான். உனக்கு தெரியாது, நீ அப்போ நடக்க ஆரம்பிச்சுருந்த. ஷெட்ல ஜிங்க் பவுடரயும் வஜ்ஜிர பசையயும் கலக்கி துணிக்கு மொத கோட்டு அடிக்குறது அவன் வேல, எப்பவும் கை வெள்ளயா இருக்கும், அதனால ஜிங்க். நெஜ பேரு நான் கேக்கல. ரெண்டு வருஷம் என் கூட வேல செஞ்சான், கேக்கல. 1998 தீபாவளி ரிலீசுக்கு முப்பது அடி கட்டவுட், முந்தின நாள் ராத்திரி நல்ல மழை, ரசிகர் மன்றத்து பசங்க வந்து நிக்குறானுங்க, கட்டவுட்டோட தல இன்னும் மேல ஏறல. சவுக்கு கொம்பு நனைஞ்சா வழுக்கும், கயிறு தொய்யும், இது எனக்கு நல்லா தெரியும். மேஸ்திரி நான் தான், நான் தான் ஏறியிருக்கணும். பயமா இருந்துச்சு, உன்ன நெனச்சேன், அவன ஏத்துனேன். தோள்பட்ட கிட்ட கட்டிக்கினு இருந்தவன் அப்படியே வந்தான். இடுப்பு போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ போனேன், நாலு வாழப்பழம் வாங்கிகினு போனேன், அவன் என்ன பாத்து சிரிச்சான், அதுக்கப்புறம் நான் போகல.

அவன் அம்மா ஒரு நாள் ஷெட்டுக்கு வந்துச்சு. என்ன தான் கேட்டுச்சு. நான் ஒரு பத்தடி தலைவர் மூஞ்சிக்கு பின்னாடி போய் நின்னுட்டேன். இல்லன்னு சொல்ல சொல்லிட்டேன். கேன்வாஸ் கீழ அந்தம்மா கால் மட்டும் தெரிஞ்சுது. ரப்பர் செருப்பு, ஒரு கால்ல வாரு பிஞ்சு பின்னூசி குத்தியிருந்துச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு அந்த கால்.

2019ல பள்ளிக்கரணைல பேனர் விழுந்து ஒரு பொண்ணு செத்துச்சே, அன்னைக்கு நான் சாப்டாம படுத்துட்டேன், வயிறு சரியில்லன்னு உன் கிட்ட சொன்னேன். வயிறு நல்லா தான் இருந்துச்சு.

உன் படம் பாத்ததுலேந்து ஒரு வாரமா அவன் மூஞ்சிய வரைய பாக்குறேன். கட்டம் போட்டு பாத்தேன், எதுக்கு கட்டம், பாத்து போட போட்டோவா இருக்கு. மூக்கு போட்டா எம்.ஜி.ஆர் மூக்கு வருது பாப்பா. கண்ணு போட்டா சிவாஜி. முப்பது வருஷம் அவங்க மூஞ்சியே போட்டு போட்டு கைக்கு வேற ஒண்ணும் தெரியல. வாழப்பழம் நாலுன்னு ஞாபகம் இருக்கு, அவன் சிரிச்சான்னு ஞாபகம் இருக்கு, வாய் எப்படி இருந்துச்சுன்னு வர மாட்டேங்குது. அம்மா கேட்டா, இன்னா கிறுக்கிக்கினு இருக்கன்னு, உனக்கு லெட்டர் எழுதுறேன்னேன்.

அந்த செருப்பு மட்டும் வந்துச்சு. நேத்து ராத்திரி போட்டேன், ரெண்டு காலும், பின்னூசியும். மீதிய உன்ன மாதிரியே வெள்ளயா விட்டுட்டேன். போட்டோ எடுத்து அத்த மவன அனுப்ப சொல்லியிருக்கேன். வாருக்கு கலர் போடல, நீலமா பச்சையான்னு கொழப்பமா இருக்கு. கழுத்து நீளம்னு நான் சொன்ன மாதிரி நீயும் எதாவது குத்தம் இருந்தா சொல்லு, அம்மா போன்ல சொன்னா கூட போதும்.

துணிய நனைச்சு காயப்போடு.

அப்பா