உடைந்த சமச்சீர் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் அறிவியல் பக்கத்தில் ராக்கெட், செயற்கை நுண்ணறிவு எல்லாம் வருகிறது, சரி, ஆனால் ஒரு சின்னப் படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் செய்யும் அதிசயத்தையும் ஒருமுறை எழுதுங்களேன். 1929இல் ஹெர்மன் வெய்ல் என்ற ஜெர்மன் கணித அறிஞர் நிறையே இல்லாத ஒரு துகளுக்குச் சமன்பாடு எழுதினார். தனித்துகளாக அது இன்றுவரை அகப்படவில்லை. 2015இல் டான்டலம் ஆர்சனைடு என்ற படிகத்தில் எலக்ட்ரான்கள் சேர்ந்து அந்தத் துகளைப் போலவே நடந்துகொள்வதைப் பிரின்ஸ்டன் குழுவும் பெய்ஜிங் குழுவும் கண்டன.

எனக்கு வியப்பே இதன் காரணம்தான். அந்தப் படிகத்தை ஒரு மையப்புள்ளி வழியாக எதிர்ப்பக்கம் புரட்டிப் பார்த்தால் பழைய அமைப்பு கிடைக்காது, அந்தச் சமச்சீர் உடைந்திருக்கிறது; அதனால்தான் ஒட்டியே இருந்திருக்க வேண்டிய ஆற்றல் புள்ளிகள் (எலக்ட்ரான்களின் இரண்டு ஆற்றல் பட்டைகள் தொட்டுக்கொள்ளும் இடங்கள்) வலக்கை, இடக்கை மாதிரி ஜோடிகளாகப் பிரிந்து நிற்கின்றன, மொத்தம் 24. அப்புறம் மேற்பரப்பு எலக்ட்ரான்களின் நிலைகளை வரைந்து பார்த்தால், வளையமாக மூட வேண்டிய கோடு பாதியில் நின்று வில்லாகிவிடுகிறது! இதற்குப் பெர்மி வில் என்று பெயர். காந்தத்தன்மை வேறொரு சமச்சீரை உடைத்தாலும் இப்படி நடக்கும்; கோபால்ட், வெள்ளீயம், கந்தகம் சேர்ந்த படிகத்தில் 2019இல் அதையும் பார்த்துவிட்டார்கள்.

பாடப்புத்தகத்தில் உலோகம், குறைகடத்தி, காப்பான் என்பதோடு நின்றுவிடும் பிள்ளைகளுக்காகவாவது, நல்ல படங்களோடு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்