பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டோரத்தில் கூடி, வழிகாட்டி ஒருவரின் பின்னால் நடந்து நாட்டு மரங்களைப் பார்த்துவரும் 'மர நடை' நம் ஊர்களிலும் பழக்கமாகி வருகிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பல நடைகளில் இரண்டு மணி நேரத்தில் நாற்பது மரங்களுக்குப் பெயர் சொல்லப்படுகிறது. எந்த நோய்க்கு மருந்து என்று ஆளுக்கொரு வரி சேர்கிறது. அடுத்த வாரம் அதே மரத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினால், வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது எதுவென்று தெரிவதில்லை. நினைவாற்றலைக் குறை சொல்ல முடியாது. பெயர் காதில் விழுந்ததும் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான்.

எனவே பெயரைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஒரு நடைக்குப் பத்து மரம் போதும், பன்னிரண்டு தாண்ட வேண்டாம். ஒரு மரத்தைக் காட்டி முடித்ததும் வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட்டு, "இதே மரம் இன்னொன்று இங்கே எங்கே இருக்கிறது, நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று சொல்ல வேண்டும். தவறான மரத்தைக் காட்டுகிறவருக்கு எது தவறு என்று விளக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் அடையாளம் மனத்தில் பதியும்.

இந்த முறையைப் பழக ஏற்ற இடம் நம் கிழக்குக் கடற்கரையின் வறண்ட பசுமைமாறாக் காடு. சென்னையில் கிண்டி தேசியப் பூங்கா (சுமார் 2.7 சதுர கி.மீ.), புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு, தெற்கே கோடியக்கரை ஆகிய இடங்களில் அதன் மிச்சங்கள் இருக்கின்றன. மரங்கள் குட்டையானவை, கிளை கைக்கு எட்டும், ஆண்டு முழுவதும் இலை உண்டு. சிக்கலும் அங்கேதான். காசா, குருந்து, வீரை, பாலை, கருங்காலி எல்லாவற்றுக்கும் சிறிய, தடித்த, கரும்பச்சை இலை. தொலைவிலிருந்து பார்க்கிற புதியவருக்கு ஐந்தும் ஒன்றுதான்.

முதலில் பார்க்க வேண்டியது இலை கிளையில் உட்கார்ந்திருக்கும் முறை. ஒரு கணுவில் எதிரெதிராக இரண்டு இலை இருந்தால் எதிரிலை அமைவு. ஒன்று விட்டு ஒன்றாக ஏறினால் மாற்றிலை அமைவு. மூன்றோ அதற்கு மேலோ ஒரே கணுவில் சுற்றி நின்றால் வட்ட அமைவு. கிளை நுனியில் கணுக்கள் நெருங்கிக் கிடப்பதால் கண் ஏமாறும். நுனியிலிருந்து ஒரு சாண் கீழே வந்து பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஐந்தில் காசா மட்டுமே எதிரிலை, மற்ற நான்கும் மாற்றிலை. ஒரே பார்வையில் ஒன்று பிரிந்துவிட்டது. 'காயாம்பூ வண்ணன்' என்று பாட்டில் கேட்கும் காயா இந்தக் காசாதான். நிறம் எல்லோருக்கும் தெரியும், மரத்தைத்தான் தெரியாது. பூக்கும் காலத்தில் கிளை நெடுக நீலக்கொத்து ஒட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன்பின் குழப்பம் வராது. பூ இல்லாதபோது அதை நாவல் கன்றோடு குழப்பிக்கொள்வது உண்டு, நாவலும் எதிரிலைதான். நாவல் இலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஊசிமுனையால் குத்தியதுபோல் ஒளிப்புள்ளிகள் தெரியும், விளிம்பை ஒட்டி ஒரு நரம்பும் ஓடும். காசாவில் புள்ளி கிடையாது, பக்க நரம்புகளும் வெளியே தெரியாது.

அடுத்தது வாசனை. குருந்தின் இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம் வரும், இதற்கும் ஒளிப்புள்ளி உண்டு. எலுமிச்சை, வில்வம், விளா, கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பம். அந்தப் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகர் உபதேசம் பெற்றதாகச் சொல்லப்படும் குருந்த மரம் இதுவே என்று வழிகாட்டி சொல்லலாம், ஆனால் இலையை முகர்ந்து பார்த்த பிறகு சொல்லட்டும்.

மூன்றாவது, பால். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் நம் மொழியில் பால் வடியும் மரமெல்லாம் 'பாலை'. கோடியக்கரையின் பாலை, வெட்பாலை, ஏழிலைப்பாலை மூன்றும் பெயரில்தான் உறவு. பாலோடு இலை அமைவையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவு கிடைக்கும். பாலும் எதிரிலையும் என்றால் வெட்பாலை, பாலும் வட்ட அமைவும் என்றால் ஏழிலைப்பாலை, இரண்டும் அரளியின் குடும்பம். பாலும் மாற்றிலையும் இருந்து, கிளையைச் சுற்றி ஒவ்வொரு கணுவிலும் மோதிரம்போல் வடு இருந்தால் ஆல், அரசு, அத்தி, பலா வகை. துளிரைப் பொதிந்திருந்த செதில் உதிர்ந்த தடம் அது. பாலும் மாற்றிலையும் இருந்து மோதிர வடு இல்லையென்றால் இலுப்பை, மகிழம், கோடியக்கரைப் பாலை ஆகியவற்றின் குடும்பமாக இருக்கலாம். பாலையின் இலை நுனி சற்று உள்வாங்கியிருக்கும், இலைகள் கிளை முனையில் கூடி நிற்கும்.

'இருக்கலாம்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பிச்சாவரம் போன்ற கழிமுகங்களில் வளரும் தில்லை மரமும் இதே கணக்கில் வரும்: மாற்றிலை, பால், மோதிர வடு இல்லை. அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மலையடிவாரக் காடுகளில் சேராங்கொட்டை மரத்தின் சாறு பட்டாலும் கொப்புளம் கிளம்பும். ஆகவே பால் பார்க்கும் வேலையை வழிகாட்டி ஒருவரே, தனக்கு ஐயமில்லாத மரத்தில் மட்டும், ஒரே ஓர் இலைக்காம்பில் செய்ய வேண்டும். இருபது பேர் ஆளுக்கொரு இலை கிள்ளினால் மரத்துக்கும் நல்லதல்ல, கைக்கும் நல்லதல்ல. பட்டையில் கத்தி வைத்து வேங்கையின் சிவப்புச் சாற்றைக் காட்டும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். வட்டமாக, நடுவில் விதை தாங்கிய அப்பளம் போன்ற அதன் காயே அடையாளத்துக்குப் போதும்.

மீதமிருப்பவை வீரையும் கருங்காலியும். இரண்டிலும் பாலும் இல்லை, எலுமிச்சை மணமும் இல்லை. அடிமரத்தைப் பார்க்க வேண்டும். முதிர்ந்த வீரையின் தண்டு உருண்டையாக இருக்காது, பள்ளமும் மேடுமாக முறுக்கிப் பிழிந்ததுபோல் இருக்கும். கருங்காலிக்குக் கருமை படர்ந்த பட்டை. பழத்தோடு கெட்டியான புல்லிவட்டம் (பூவின் அடியில் அதைத் தாங்கும் பகுதி) தொப்பிபோல் ஒட்டியிருக்கும், அடியில் சருகைத் தள்ளித் தேடினால் காய்ந்த தொப்பி கிடைப்பதுண்டு.

ஒரே இலையில் பல சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை மரங்களுக்கு முன்னே ஒரு கேள்வி வரும்: இலை எது, சிற்றிலை எது? மொட்டைத் தேடுங்கள். இலைக்காம்பு கிளையில் சேரும் கோணத்தில் மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் ஒருபோதும் இருக்காது. இந்தக் கணக்கில், நாம் வேப்பிலை என்று உருவிப் போடுவது சிற்றிலைதான், முழு ஈர்க்குதான் ஒரு இலை. வேம்பின் ஈர்க்கு ஒருமுறை மட்டும் பிரியும், மலைவேம்பின் இலை இரண்டு மூன்று முறை கிளைக்கும். இது தெரியாததால் நாற்றுப்பண்ணைகளில்கூடக் குழப்பம் நேர்கிறது. மூன்று சிற்றிலை என்றதும் 'வில்வம்' என்று கைகூப்புகிறவர்கள் மாவிலங்கத்தையும் கும்பிட்டுவிடுகிறார்கள். வில்வத்துக்கு முள்ளும் ஒளிப்புள்ளியும் உண்டு, மாவிலங்கத்துக்கு இரண்டும் இல்லை.

முள் மரங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கே தவறு நேர்ந்தால் மரமே போய்விடும். ஏரிக்கரையில் சீமைக்கருவேலை வெட்டும்போது நாட்டுக் கருவேலும் வன்னியும் சேர்ந்து விழக்கூடும். கருவேலின் பூ மஞ்சள் உருண்டை, காய் விதைக்கு விதை இறுகி மணிமாலைபோல் இருக்கும், முள் கணுவில் இணையாக நேராக வெளுத்து நீண்டிருக்கும். வெள்வேலின் பட்டையே வெளிர்நிறம், பூவும் வெளிர் உருண்டை, கிளை நுனியில் பெரிய கொத்தாக வரும். சீமைக்கருவேலின் பூ உருண்டை அல்ல, பூனைவால் போன்ற நீண்ட கதிர். காய் மஞ்சளாகத் தட்டையாக லேசாக வளைந்திருக்கும், கிளை கணுவுக்குக் கணு கோணலாகத் திரும்பும். வன்னிக்கும் கதிர்ப்பூதான், அதனால்தான் இந்த இரண்டும் மாறிப்போகின்றன. முள்ளைப் பாருங்கள்: சீமைக்கருவேலில் கணுவில் இணையாக இருக்கும், வன்னியில் கணுக்களுக்கு இடையே சிறுசிறு கூர்களாகச் சிதறியிருக்கும். வெட்டும் பணியை மேற்பார்க்கிறவர்களுக்கு இந்த நான்கு மரங்களை மட்டும் வைத்து அரை நாள் நடை நடத்தினால் போதும்.

பெயரை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்குக் கடம்பு சான்று. மதுரையின் தலமரம் என்று கடம்பைச் சொல்கிறோம். ஆனால் வெள்ளைக் கடம்பு, மஞ்சக் கடம்பு, நீர்க்கடம்பு, செங்கடம்பு என்று நான்கு மரங்கள் அந்தப் பெயரில் நிற்கின்றன. முதல் மூன்றும் எதிரிலை. இரு காம்புகளுக்கும் நடுவே கிளையில் ஒரு செதில் ஒட்டியிருக்கும், பூ பந்து வடிவம். வெள்ளைக் கடம்பின் பந்து பெரியது, மஞ்சக் கடம்பின் இலை இதய வடிவம். செங்கடம்பு வேறு குடும்பமே: மாற்றிலை, சரமாகத் தொங்கும் சிவப்புப் பூ, நீரோரத்து மரம். அறிவியல் பெயரையும் தமிழ் எழுத்திலேயே குறித்து வைப்பது இதனால் அவசியமாகிறது. அதுவும் மாறாமல் இருப்பதில்லை. பழைய பலகைகளில் கருவேல் 'அகேசியா நிலோட்டிகா', இன்று 'வாச்செலியா நிலோட்டிகா'. 2005இல் வியன்னாவில் நடந்த உலகத் தாவரவியல் மாநாடு அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய இனங்களுக்கு ஒதுக்கியதன் விளைவு இது. போகிற போக்கில் ஒன்று: நாட்டு மர நடையில் தூங்குமூஞ்சியும் செம்மயில்கொன்றையும் இடம்பெறுவது சரியில்லை. முன்னது அமெரிக்க வெப்பமண்டலத்தது, பின்னது மடகாஸ்கரைச் சேர்ந்தது. புளியமரத்தின் பூர்வீகமே ஆப்பிரிக்கா என்றால் சிலருக்கு வருத்தம் வரும்.

தவறுகள் பெரும்பாலும் சில இடங்களிலிருந்தே வருகின்றன. தரையில் கிடக்கும் இலை அந்த மரத்துடையதுதான் என்று நினைப்பது ஒன்று, பக்கத்து மரத்திலிருந்து காற்றில் வந்திருக்கலாம். உச்சியில் தெரியும் பூ மரத்தின் பூதானா, ஏறிய கொடியின் பூவா என்று தண்டைக் கீழிருந்து கண்ணால் பின்தொடராமல் சொல்லிவிடுவது இன்னொன்று. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த இலையும் நிழலில் வளர்ந்த இலையும் இயல்பைவிடப் பெரிதாக இருக்கும், அவற்றை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. இளமரத்தின் பட்டை வழவழப்பாக இருக்கும், நூல்களில் படிக்கும் 'முதலைத்தோல்' வெடிப்பு கருமருதில்கூட வயதான பிறகுதான் வரும். கைபேசிச் செயலிகளும் இப்படியே ஏமாறுகின்றன. பூவும் காயும் இல்லாத வெறும் இலைப் படத்துக்கு அவை சொல்லும் பதிலை ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். முழு மரம், பட்டை, இலை அமைவு தெரியும் கிளை, இலையின் இரு பக்கம் என்று நான்கைந்து படம், அளவுக்கு ஒரு நாணயமோ பேனாவோ பக்கத்தில் வைத்து எடுத்தால், பின்னால் யாரிடம் காட்டினாலும் விடை கிடைக்கும். தீராத ஐயத்துக்குக் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரக் காப்பகமும் இருக்கின்றன.

நடத்துகிறவர்களுக்குச் சில. ஒரு வழிகாட்டிக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம், பின்வரிசைக்குக் கணு தெரியாது. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் மூன்று நான்கு, உயரக் கிளைக்கு ஒரு இருகண்நோக்கி, துணி அளவு நாடா, பென்சில் போதும். மழையில் பேனா மை கரையும். மரச் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு ஒப்பிட முடியாது. ஒரே பாதையில் ஆண்டுக்கு நான்கு முறை நடப்பது நான்கு காடுகளுக்குப் போவதைவிடப் பயன்தரும். பிப்ரவரி–மார்ச்சில் இலையுதிர்த்து நிற்கும் உதியனைப் பட்டையால் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும், ஏப்ரல்–மேயில் சரக்கொன்றை தானே தன்னைச் சொல்லும். பெயர்ப்பலகையை ஆணியால் அடிக்காதீர்கள். இறுகக் கட்டிய கம்பியையும் மரம் விழுங்கிவிடும், வளர இடம் தரும் சுருள்கம்பி மேல். தேசியப் பூங்காவிலோ சரணாலயத்திலோ எதையும் எடுத்துவர 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. உதிர்ந்த காயையும் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு நாட்டு மரக் கிளையின் படத்தைப் பெயர் போடாமல் வெளியிடுங்கள். இரண்டு கணுவாவது தெளிவாகத் தெரிய வேண்டும், இலையின் அடிப்பக்கம் ஒன்று, பட்டை ஒன்று, ஓர் அளவுகோல். எந்த மாவட்டம், எந்த மாதம் என்று மட்டும் குறிப்பிடுங்கள். விடை அடுத்த ஞாயிறு வரட்டும்.

இப்படிக்கு,
மர நடை வழிகாட்டிகள் சிலர்,
விழுப்புரம் மாவட்டம்.