பெட்டியின் முன்பக்கம் சொல்வதை நம்பாதே

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு என்ன கொடுத்து அனுப்புகிறாய், எல்லாம் பாக்கெட்டா என்று போனில் கேட்டாயே, வேலை நேரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் விலாவாரியாக எழுதுகிறேன்.

இங்கே கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல தொடக்கப் பள்ளிகளில் நடுவே ஒரு பெரிய சாப்பாட்டு நேரம் என்று கிடையாது, நாளை இரண்டாகப் பிரித்து இரண்டு இடைவேளை விடுகிறார்கள். இரண்டுக்கும் வீட்டிலிருந்துதான் கட்டிக் கொடுக்க வேண்டும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பதால் எங்கள் பள்ளியில் நிலக்கடலை கூடவே கூடாது, முந்திரி பாதாமும் கூடாது. பாதி யோசனை அதிலேயே அடிபட்டுவிடும். மிச்சத்துக்குச் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு வரிசை முழுக்கப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறான்.

சிப்ஸைப் பற்றி எனக்குப் பெரிய கோபம் இல்லை, அது சிப்ஸ் என்று எல்லோருக்கும் தெரியும். ஓட்ஸ் கதிரும் தேன் துளியும் படம் போட்டு, சாக்லேட் மாதிரி நீளக் கட்டியாக வருகிற தானிய பார்கள்தான் ஆபத்து. பெட்டியைத் திருப்பிப் பார். எது அதிகமோ அதுதான் சேர்மானப் பட்டியலில் முதலில் வரும். முன்பெல்லாம் குளுக்கோஸ், தேன், வெல்லப்பாகு என்று சர்க்கரையை ஆளுக்கொரு பெயரில் பிரித்துக் கீழே தள்ளிவிடலாம், இப்போது கனடாவில் அவை எல்லாவற்றையும் சர்க்கரை என்ற ஒரே தலைப்பில் சேர்த்து எழுத வேண்டும், அதனால் பல பெட்டிகளில் அது மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. சர்க்கரை 4 கிராம் என்றால் ஒரு தேக்கரண்டி என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள். உப்பு, சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு (நெய், வெண்ணெயில் இருக்கிற மாதிரி) அளவுக்கு மிஞ்சினால் முன்பக்கத்திலேயே பூதக்கண்ணாடிப் படம் போட்ட கறுப்பு வெள்ளைக் குறி வர வேண்டும் என்பது 2026 ஜனவரி 1 முதல் கட்டாயம். சின்னவன் கடையில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டான்.

சரி, நான் என்ன செய்கிறேன் என்றால், பெரும்பாலும் கொண்டைக்கடலைதான். (இங்கே சஸ்காட்செவன் மாகாணத்தில் பருப்பும் கடலையும் ஏக்கர் கணக்கில் விளைகிறது, நீ வாங்குகிற மசூர் பருப்பே இங்கிருந்து கப்பலேறி வந்ததாக இருக்கலாம்.) ராத்திரி ஊறவைத்து, உடையாத பதத்தில் வேகவைத்து, துணியில் பரப்பி நன்றாகத் துடைக்க வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள், ஈரம் இருந்தால் ஓவனில் எவ்வளவு நேரம் வைத்தாலும் மொறுமொறுப்பு வராது. கொஞ்சம் எண்ணெய் புரட்டி 200 டிகிரி செல்சியஸில் அரைமணி, முக்கால் மணி, நடுவே தட்டை ஒருதடவை குலுக்கிவிடு. மிளகாய்த்தூளை வெளியே எடுத்த பிறகு சூட்டோடு தூவு, முன்னாலேயே போட்டால் கருகிக் கசக்கும். ஆறுவதற்குள் டப்பாவில் அடைத்தாயோ, ஆவி பட்டு நமத்துப் போகும். எப்படிச் செய்தாலும் ரெண்டு மூணு நாள்தான் கரகரப்பு, அப்புறம் திரும்பவும் சூடுகாட்ட வேண்டும்.

அடுத்தது பாப்கார்ன், வெறும் சோளமாக வாங்கிவந்து கனமான பாத்திரத்தில் ஒரு கரண்டி எண்ணெயில். நேரமில்லாத நாளில் பேரீச்சம்பழத்தை அரைத்து வறுத்த ஓட்ஸும் சூரியகாந்தி விதையும் சேர்த்து உருட்டிவிடுவேன். அதிலும் இனிப்பு இனிப்புதான், பழத்திலிருந்து வந்ததால் எத்தனை வேண்டுமானாலும் தின்னலாம் என்றில்லை. ஆளுக்கு ஒன்று, அவ்வளவுதான்.

வீட்டில் செய்தது என்பதாலேயே எல்லாம் நல்லது என்று நீ சொல்வாய் பார், அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் கையால் செய்தாலும் எண்ணெயில் பொரித்தது பொரித்ததுதான். எவ்வளவு உப்பு போடுகிறோம் என்று நமக்குத் தெரியும் என்பதுதான் லாபம், தெரிந்தும் அள்ளிப் போட்டால் யார் என்ன செய்ய முடியும்? பெரியவளுக்குப் பிறந்தநாள் விருந்துகளில் சிப்ஸ் உண்டு, அதை நான் தடுப்பதில்லை.

பார்சல் அனுப்புவதாக இருந்தால் பலகாரம் வேண்டாம் அக்கா, நீ கையால் அரைக்கிற மசாலாப்பொடி போதும், கடலைக்கு அது தூவினால் பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். மாமாவைக் கேட்டதாகச் சொல், சர்க்கரை அளவு இப்போது எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் தங்கை