கேட்பவருக்கு மட்டும்தானா நாகரிகம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வுக் கட்டுரைகளில் தவறு கண்டுபிடித்து இணையத்தில் போட்டு உடைப்பவர்களைச் சாடிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பெயரை மறைத்துக்கொண்டு குற்றம் சொல்வது கோழைத்தனம் என்கிறது அது. ஒருவரைச் சந்தி சிரிக்க வைப்பதை விட்டு, அந்த ஜர்னல் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதாதா என்று கட்டுரையாளர் கேட்கிறார். நியாயமான கேள்வி போலத்தான் தெரிகிறது. அப்படி எழுதிய கடிதங்கள் என்ன கதிக்கு ஆளாகின என்பதையும் அவர் சேர்த்து எழுதியிருக்கலாம்.

எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரைப் பாருங்கள். 40 ஜர்னல்களில் 1995 முதல் 2014 வரை வந்த 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே சலித்தவர் அவர். புரதங்களைப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படத்தில் வெளிறிய பின்னணியில் சில கறுப்புப் பட்டைகள்தான் இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு பட்டையின் ஓரமும் ஒரு விதமாக நெளிந்திருக்கும். பக்கத்தில் ஒரு தூசிப் புள்ளியோ கீறலோ இருக்கும். வேறொரு சோதனையின் முடிவு என்று போட்ட படத்திலும் அதே நெளிவும் அதே புள்ளியும், இடவலமாகத் திருப்பி வைத்தாற்போல், இருந்தால் என்ன நினைப்பீர்கள்? பிக்கும் இரண்டு சகாக்களும் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி 3.8 சதவீதக் கட்டுரைகளில் இப்படி ஏதோ ஒரு படச் சிக்கல் இருந்தது. எல்லாமே மோசடி இல்லை, கவனக்குறைவும் உண்டு என்று அவர்களே சொன்னார்கள். பிக் அவற்றை அந்தந்த ஜர்னல்களுக்கு முறைப்படி தெரிவித்தார். ஐந்து ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலானவை திருத்தப்படவும் இல்லை, செல்லாது என்று திரும்பப் பெறப்படவும் இல்லை. கட்டுரையாளர் சொல்லும் வழி இதுதானே? அதில் போய்ப் பார்த்தவர்தான் இன்று எல்லோர் முன்னாலும் பேசுகிறார்.

லான்செட் என்ற மருத்துவ ஜர்னலின் விவகாரம் உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட கட்டுரை 1998இல் வந்தது. பத்திரிகையாளர் பிரையன் டீர் 2004இலேயே அதன் குளறுபடிகளை வெளியே கொண்டுவந்தார். ஜர்னல் அதை முழுதாகத் திரும்பப் பெற்றது 2010இல்.

சரி, பொறுமையாக, மரியாதையாக, பெயர் போட்டுக் கேட்டால்? டேட்டா கொலாடா என்ற வலைப்பதிவைத் தங்கள் பெயரிலேயே எழுதும் மூன்று பேராசிரியர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஹார்வர்ட் பேராசிரியர் ஃபிரான்செஸ்கா ஜினோவின் தரவுகளில் சந்தேகம் வந்ததும் 2021இல் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 2023 ஜூனில்தான் பொதுவில் எழுதினார்கள். அதில் ஒன்று 2012ஆம் ஆண்டுக் கட்டுரை பற்றியது: படிவத்தின் கீழே போடும் உறுதிமொழிக் கையெழுத்தை மேலே போட வைத்தால் மக்கள் பொய் சொல்வது குறையும் என்ற ஆய்வு. நேர்மையைப் பற்றிய ஆய்வு என்பதைக் கவனிக்க வேண்டும். எக்செல் கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பதிவு இருக்கிறது. சூத்திரங்கள் எந்த வரிசையில் உள்ளே வந்தன என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். அதைத் திறந்து பார்த்து, சில தரவு வரிகள் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு நகர்த்தப்பட்டிருப்பதாகக் காட்டினார்கள். ஒரு வசவு கிடையாது, ஒரு நக்கல் கிடையாது. பதிலுக்கு வந்தது, ஹார்வர்ட் மீதும் அவர்கள் மூவர் மீதும் 2.5 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு ஜினோ தொடுத்த ஒரு வழக்கு. செலவுக்குச் சக ஆய்வாளர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அவதூறுக் குற்றச்சாட்டுகளை நீதிபதி 2024 செப்டம்பரில் தள்ளுபடி செய்தார். ஜினோ இன்றும் தவறை மறுக்கிறார். ஹார்வர்ட் 2025இல் அவருடைய நிரந்தரப் பணியைப் பறித்தது. பெயர் தெரிந்த, நிரந்தர வேலையில் இருக்கிற மூன்று பேராசிரியர்களுக்கே இந்தப் பாடு.

முனைவர் பட்ட மாணவி ஒருவர் தன் ஆய்வு வழிகாட்டியான கைடின் கட்டுரையில் ஒரு படத்தைச் சந்தேகப்படுகிறார் என்று வையுங்கள். ஆய்வேட்டில் கையெழுத்து கைடிடம். வைவா என்ற வாய்மொழித் தேர்வும் அவர் கையில். அப்புறம் வேலைக்குப் போகும்போது பரிந்துரைக் கடிதமும் அவரே தர வேண்டும். இந்த மாணவி பெயரோடு எழுதவில்லை என்பதற்காகக் கோழை என்பது எனக்குச் சற்றுக் கொடுமையாகவே படுகிறது. வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றிக் கருத்துச் சொல்லும் பப்பியர் என்ற இணையதளத்தில் பெயரில்லாமல் எழுதியவர்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி ஓர் ஆய்வாளர் தொடுத்த வழக்கில், மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் அவர்களின் மறைவைக் காப்பாற்றியது. பட்டை பட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்குச் சொன்னவரின் பெயர் எதற்கு?

கட்டுரையாளர் பக்கம் நான் நிற்கும் இடமும் ஒன்று உண்டு. சாதாரண செல்லை எளிதில் ஸ்டெம் செல்லாக மாற்றலாம் என்ற ஜப்பானின் ஸ்டாப் செல் கட்டுரைகள் 2014 ஜனவரியில் நேச்சர் ஜர்னலில் வந்தன. சில வாரங்களில் படங்களின் குளறுபடியை இணையத்தில் பிடித்துவிட்டார்கள். ஜூலையில் திரும்பப் பெறப்பட்டன. அதுவரை சரிதான். ஆனால், அவற்றை எழுதிய இளம் ஆய்வாளர் சோதனைக்கூடத்தில் அணிந்த சமையலறை மேலங்கியைக்கூட வியந்து எழுதிய ஊடகங்கள், அலை மாறியதும் துரத்தத் தொடங்கின. கட்டுரையின் இணை ஆசிரியர் யோஷிகி சசாய் ஆகஸ்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். மோசடியில் அவருக்குப் பங்கில்லை, மேற்பார்வையில்தான் தவறினார் என்று விசாரணை சொல்லியிருந்தது. படத்தைப் பற்றிப் பேசுவதோடு நிற்காமல் ஆளின் உடை, குணம், அந்தரங்கம் என்று போகிறவர்களைக் கட்டுரையாளர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கேள்வி கேட்பவருக்கு இத்தனை ஒழுங்கு சொல்கிறோமே, பதில் சொல்ல வேண்டியவருக்கு ஒன்றாவது சொல்கிறோமா? வைலி நிறுவனத்தின் ஹிந்தாவி ஜர்னல்கள் 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. அத்தனைக்கும் ரிவ்யூ, அதாவது துறை வல்லுநர்களின் சரிபார்ப்பு, நடந்ததாகத்தான் கணக்கு. நம் ஊரில் 2010இல் கல்லூரி ஆசிரியர்களின் பணியை மதிப்பிடும் ஏ.பி.ஐ. மதிப்பெண் வந்த பிறகு பதவி உயர்வுக்குப் பேப்பர் போட்டே ஆக வேண்டும் என்றாகி, மூன்றே நாளில் அக்செப்டன்ஸ் என்ற விளம்பரம் வாட்ஸ்அப் வரை வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018 மே மாதம் தான் ஏற்ற ஜர்னல்களின் பட்டியலிலிருந்து 4,305 ஜர்னல்களை நீக்கியது. பிறகு கேர் பட்டியல் என்று நம்பகமான ஜர்னல்களுக்கு ஒரு புதுப் பட்டியல் கொண்டுவந்து, அதையும் 2025இல் கைவிட்டு, நல்லது கெட்டதை நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றது. யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

தவறை ஒப்புக்கொள்வது ஒன்றும் ஆகாத காரியமில்லை. வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சஸ் அர்னால்ட், பரிசு வாங்கியதற்கு அடுத்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையின் சோதனை மறுபடி செய்தபோது வரவில்லை என்று 2020 ஜனவரியில் தானே அறிவித்துத் திரும்பப் பெற்றார். தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று ட்விட்டரில் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். அவரை யாரும் சந்திக்கு இழுக்கவில்லை. பாராட்டினார்கள்.

நம் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் நடத்தும் ஜர்னல்களாவது புகாருக்கென ஒரு முகவரியையும் அதைப் பார்க்கும் ஆளின் பெயரையும் போடட்டும். புகார் வந்த தேதியையும் விசாரணை நடப்பதையும் அந்தக் கட்டுரையின் பக்கத்திலேயே குறிக்கட்டும். திரும்பப் பெற்றால் யார், ஏன் என்று இரண்டு வரி எழுதட்டும். ஆய்வு வெளியீட்டு நெறிமுறைகளுக்கான சர்வதேசக் குழுவான கோப் நெடுநாளாகக் கேட்பதும் அதுதான். உங்கள் கட்டுரையாளர் ஏதாவது ஜர்னலின் ஆசிரியர் குழுவில் இருப்பவரானால், அங்கே சென்ற ஆண்டு எத்தனை புகார் வந்தது, எத்தனைக்குப் பதில் போனது என்று அடுத்த இதழில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்,
தஞ்சாவூர்