படுத்த படுக்கையில் இருப்பவர் முகாமுக்கு எப்படி வருவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "இந்த வயதில் இனி என்ன அட்டை?" என்ற பேச்சைக் கோபி, அந்தியூர் பக்கத்து ஊர்களில் அடிக்கடி கேட்கிறேன். பக்கவாதத்தில் கை கால் விழுந்த அப்பாருக்கும், நடுக்குவாதத்தால் டம்ளரைப் பிடிக்க முடியாத ஆத்தாவுக்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. எல்லாம் வயோதிகம் என்று விட்டுவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிறவியிலேயே குறை உள்ளவர்களுக்கு மட்டுமானதல்ல. அதன் பட்டியலில் உள்ள 21 வகைகளில் நடுக்குவாதமும் ஒன்று. சான்றிதழுக்கு வயது வரம்பும் கிடையாது.

முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் நடுக்குவாதம் உள்ளவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. ஆனால் முதியோர் பணம் வாங்கிக்கொண்டிருப்பவர் படுக்கையில் விழுந்த பிறகு, மற்றதற்கு மாறலாம் என்று எடுத்துச்சொல்ல ஆள் இல்லை. மாதாமாதம் டயப்பரும் மருந்தும் வாங்கும் வீட்டில் 800 ரூபாய் பெரிய தொகை.

தெரிந்து விண்ணப்பித்தாலும் அலைச்சல் தீர்வதில்லை. பக்கவாதம் வந்த என் மாமனாரை வாடகை வேனில் படுக்கவைத்து மருத்துவச் சான்று முகாமுக்குக் கொண்டுபோனோம். அன்று நரம்பியல் மருத்துவர் வரவில்லை. அடுத்த முகாமுக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தறி வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியார் வேன் வாடகைக்குக் கடன் வாங்கியிருந்தார். நாங்களாவது சமவெளியில் இருக்கிறோம். தாளவாடிக்காரர்கள் ஈரோட்டுக்கு வருவதென்றால், நோயாளியோடு திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும்.

2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீடு தேடி வருகிறார்கள். நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறேன். எந்த வீட்டில் யார் எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் தரும் பெயர்களை வைத்துக்கொண்டு சான்றளிக்கும் மருத்துவர் மாதத்தில் ஒரு நாள் அந்த வீடுகளுக்குப் போனால் போதும். ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் மாவட்ட ஆட்சியர்கள் இதற்கு உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கத்தையும் ஸ்கேன் அறிக்கையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மருத்துவர் பாதிப்பின் சதவீதத்தைக் கணிக்கும்போது அவை வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அந்தியூர்.